நீ துடைத்த வெள்ளைப் புள்ளிகள்

ரியாஸ்,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரிந்தே இதைத் தமிழில் எழுதுகிறேன். கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை நீ. வீட்டில் பேசுகிற தமிழ் உன் வாயில் இருக்கிறது, கண்ணில் இல்லை. உன் அத்தாவிடம் சொல்லியிருந்தால் மலையாளத்தில் எழுதிக் கொடுத்திருப்பார். நீயும் ஒரே பார்வையில் படித்துவிட்டு, "ஓகே அம்மா" என்று கைபேசியில் பதில் போட்டிருப்பாய். அது எனக்கு வேண்டாம். இதை நீ வரி வரியாக, நின்று நின்று படிக்க வேண்டும். தடுக்குகிற இடத்தில் கொஞ்சம் இருந்துவிட்டு அப்புறம் மேலே போ. அவசரமாகப் பார்த்த ஒரு படம் நம் வீட்டில் என்ன செய்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசவே இல்லை. பேசாமலேயே நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறிவிட்டாய்.

நான் பயந்த சுபாவம் உள்ளவள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயலில் நீரேற்றம் வந்து சாக்கடை வழியாக உப்புத் தண்ணீர் நம் வாசல்படியைத் தொட்டாலே கட்டில் மேல் பாத்திரங்களை அடுக்குகிறவள். உன் அத்தா மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆலுவா ரயில் நிலையத்துக்கு வண்டி ஓட்டிப் போனால், அவர் திரும்பி வரும்வரை ஜூ டவுன் என்கிற யூதத் தெருவில் மசாலாக் கடையில் நின்று சுற்றுலாக்காரர்களுக்கு ஏலக்காய் நிறுத்துக்கொடுத்தபடியே வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டிருப்பேன். நீ சின்ன வயதில் என்னைக் கேலி செய்வாய். "அம்மாவுக்குப் பயப்பட ஒரு காரணம் கிடைச்சா போதும், பெருநாள் மாதிரி" என்பாய். சிரிப்போம். ஆனால் அந்தப் பயங்களெல்லாம் வெளியே இருந்து வந்தவை. மழை, வண்டி, காய்ச்சல், பரீட்சை. என் உடம்புக்குள்ளேயே ஒன்று இருந்துகொண்டு, அதை ஒரு படத்தில் மட்டும்தான் பார்க்க முடியும் என்கிற பயம் வேறு ஜாதி. அது வந்தபின் பழைய பயங்களெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன.

நீ கல்லூரியில் இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ படிக்கும்போது எங்கள் கல்யாணப் படத்தைச் சுத்தம் செய்து கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? கொச்சியின் ஈரத்தில் அந்தப் படம் முழுக்கப் பூஞ்சை பிடித்து, உன் அத்தாவும் நானும் பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல் ஆகியிருந்தோம். நீ அதைக் கணினியில் ஏற்றி, என்னை அருகில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாய்.

"இந்தப் புள்ளியெல்லாம் நாய்ஸ் அம்மா. தமிழ்ல இரைச்சல்னு வச்சுக்கங்க."

"படத்துல எப்படிடா இரைச்சல் கேக்கும்?"

"கேக்காது, தெரியும். கறுப்பும் வெள்ளையுமா சிதறிக் கிடக்குறதுக்குப் பேரே உப்பும் மிளகும்தான். நெசமாவே புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

நம்ம தெருவுக்கு ஏற்ற பாடம்தான் என்று நான் சொன்னேன். பக்கத்தில் இருக்கும் புள்ளிகளோடு ஒட்டாமல் தனியாக ஒரு புள்ளி வெளுத்துத் தெரிந்தால், அது தப்பாக விழுந்தது என்று கணினி முடிவு செய்து, அக்கம்பக்கத்தின் நிறத்தை அதன்மேல் பூசிவிடும் என்று விளக்கினாய். சிறிது நேரத்தில் படம் பளிச்சென்று வந்தது. உன் அத்தா பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு. இவ மூக்குத்தி எங்க?" என்று கேட்டார். ஆமாம், என் மூக்கில் மின்னிய ஒற்றைக்கல்லையும் உன் கணினி பூஞ்சை என்று நினைத்துத் துடைத்திருந்தது. நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாய். அது வீட்டு வேடிக்கையாகப் போயிற்று. விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்தோம். அன்று அதில் பயப்பட எதுவும் இருப்பதாக, பயப்படுவதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்குக்கூடத் தோன்றவில்லை.

பிறகு நீ காக்கநாட்டில் வேலைக்குச் சேர்ந்தாய். ஆஸ்பத்திரியில் எடுக்கும் படங்களைத் தெளிவாக்குகிற வேலை. குறைந்த கதிர் பாய்ச்சி எடுத்தால் உடம்புக்கு நல்லது, ஆனால் படம் புழுதி படிந்ததுபோல் வரும், அந்தப் புழுதியை எடுப்பதுதான் எங்கள் வேலை என்று சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. கடையில் எல்லோரிடமும் என் மகன் டாக்டர்களுக்குக் கண்ணாடி துடைத்துக் கொடுக்கிறான் என்று சொன்னேன்.

என்னை அந்தப் பரிசோதனைக்கு இழுத்துப்போனது பக்கத்து வீட்டு ஷீலா சேச்சி. ஐம்பது தாண்டிய பெண்கள் எல்லோரும் மார்பைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவள் வேலைபார்க்கும் விடுதிக்கு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீ வா பெண்ணே. ஒரு போட்டோ எடுக்கறது, அத்ரயேயுள்ளு, அவ்வளவுதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டு போனாள். எனக்கு எந்த வலியும் இல்லை, கட்டியும் இல்லை. அந்த அறையின் குளிரும், கண்ணாடிபோன்ற பலகையில் மார்பை வைத்து மேலிருந்து இன்னொரு பலகை இறங்கி அப்பளம்போல் நசுக்கியதும்தான் வலி. படம் எடுக்கும் பெண், "சேச்சி, ஸ்வாசம் விடாம நில்லுங்க" என்றாள். நின்றேன். ஆனால் என் உடம்பு நடுங்கியது. எனக்கே தெரியும்படி நடுங்கியது. இரண்டு நாளில் வரச்சொல்லி, இடதுபக்கப் படம் சரியாக இல்லை, இன்னொரு முறை பெரிதாக்கி எடுக்க வேண்டும், வேறொரு நாள் வாருங்கள் என்றார்கள். எடுத்தவரைக்குமான படத்தைக் குறுந்தகட்டில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

அதைக் கொண்டுவந்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். வைத்தபின் அந்தப் பீரோவைத் திறக்கவே பயம். பெருநாளுக்குக் கட்டும் புடவையை எடுக்கப் பயந்து பழைய புடவையைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். சரியாக வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? படம் சரியாக வரவில்லையா, நான் சரியாக இல்லையா? யாரிடம் கேட்பது? உன்னிடம் கேட்டிருக்கலாம். உன் தொழிலே அது. ஆனால் உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நீ பால்குடித்த பிள்ளைதான், இருந்தாலும் மீசை வைத்த ஆண்பிள்ளை. கடைசியில் உன் அத்தாதான் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, என்னிடமிருந்து விஷயத்தைப் பிடுங்கி, உன்னிடம் சொன்னார்.

"எடுங்கம்மா அந்த சீடிய."

"வேண்டாம் ரியாசு. அதெல்லாம் நீ பாக்குற காரியமா?"

"நான் தினமும் பாக்குறதே இதுதானே. அதுல யாரு எவருன்னு ஒண்ணும் தெரியாது. வெறும் சாம்பல் நிறம். நிலாவைப் படம் எடுத்தமாதிரி இருக்கும்."

நீ அதை அவ்வளவு இயல்பாகச் சொன்னதில் என் கூச்சம் பாதி கரைந்தது. ஆனாலும் நீ மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தபோது நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். சாயாவுக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதித்து வற்றும்வரை நின்றேன். நீ கூப்பிட்டாய். வந்து பார்த்தபோது திரையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று மங்கலாக, மணல் தூவியதுபோல். இன்னொன்று பால்போலச் சுத்தமாக.

"இது நீங்க கொண்டுவந்தது. இது நான் கிளீன் பண்ணினது. பாருங்க, எங்கயாவது எதாவது இருக்கா? ஒண்ணுமில்ல. அசைஞ்சிட்டீங்க, அதான் படம் கலங்கிப்போச்சு."

"நெசமாவா?"

"நெசமாம்மா. டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிட்டு வந்துரலாம். ஆனா குழப்பமில்ல."

அந்தக் கடைசிச் சொல்லை மட்டும்தான் நான் கேட்டேன். குழப்பமில்ல, ஒரு பிரச்சினையும் இல்லை என்பதற்கு மலையாளத்தில் சொல்வது. நீ சொன்னதும் தரையில் உட்கார்ந்து அழுதேன். நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்து என் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாய். அன்று நெய்ச்சோறு ஆக்கினேன். ஷீலா சேச்சிக்குக் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பின் நான் திரும்பப் படமெடுக்கப் போகவில்லை. நீயும் ஜெர்மனிக்காரர்கள் வைத்த நேர்காணலில் மும்முரமாக இருந்தாய். என் வாழ்க்கையில் நான் பயமே இல்லாமல் இருந்த காலம் என்று ஒன்று உண்டென்றால், அந்தச் சில வாரங்கள்தான். இன்று அதை நினைத்தால்தான் எனக்குப் பெரிய பயம். நான் பாட்டுப்பாடிக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன் ரியாஸ். அது உள்ளே இருந்தது. நான் பாடிக்கொண்டிருந்தேன்.

அந்த டாக்டரம்மா தானாகவே கூப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை என்று உன் அத்தாவிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். தினமும் யோசிக்கிறேன். படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் அவர். மதுரையில் படித்த மலையாளி என்பதால் மலையாளச் சாயலோடு தமிழ் பேசினார். கடையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்குப் பட்டை, கிராம்பு காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "நீங்க திரும்ப வரவே இல்லயே? நான் எதிர்பார்த்துட்டே இருக்கேன்" என்றார். என் மகன் பார்த்துவிட்டான், ஒன்றும் இல்லை என்று சொன்னான் என்றேன். "மகனையும் கூட்டிட்டு வாங்க. அவர் பார்த்த படத்தையும் கொண்டுவரச் சொல்லுங்க" என்றார். அப்படிச் சொன்னதும்தான் என் பயம் திரும்ப வந்து என்மேல் ஏறிக்கொண்டது. கையில் இருந்த கிராம்பை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

அந்த இருட்டறையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் என் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன், ஏனென்றால் நீ அப்போது திரையை மட்டும் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். டாக்டரம்மா தன் பெரிய திரையில் என் படத்தை, நீ கை வைக்காத படத்தை, போட்டார். ஒரு மூலையைப் பெரிதாக்கினார். ரவையைக் கொஞ்சம் கைதவறிச் சிந்தினதுபோல் ஒரே இடத்தில் சில வெள்ளைப் புள்ளிகள். மணல் போன்ற அந்த மங்கலுக்குள் அவற்றை நானாகக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அவர் பேனாமுனையால் காட்டியதும் தெரிந்தது. தெரிந்தபின் வேறு எதுவும் தெரியவில்லை. பிறகு உன் மடிக்கணினியை அதன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அதே இடம். பால்போலச் சுத்தம்.

"இது எங்க போச்சு?" என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நாய்ஸ்னு நினைச்சு எடுத்திருக்கு, டாக்டர்."

"யாரு நினைச்சது?"

உன் முகம் அந்தத் திரையின் வெளிச்சத்தில் சாம்பலாக இருந்தது. உன் உதடு அசைந்து, "மூக்குத்தி" என்று சொல்லிற்று. சத்தம் வரவில்லை, ஆனால் நான் பெற்றவள், எனக்குக் கேட்டது. அந்த நேரத்தில் எனக்கு என்னைப் பற்றிய பயத்தைவிட உன்னைப் பற்றிய பயம்தான் பெரிதாக வந்தது. ஒரு மனுஷன் தன் கையையே பார்த்துப் பயப்படுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"இந்த மாதிரிப் புள்ளிகள் நிறையப் பேருக்கு இருக்கும், பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது" என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். "ஆனா இது கூடியிருக்கிற விதம் எனக்குப் பிடிக்கல. பேடிக்கண்டா. ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்துடலாம்." பயப்பட வேண்டாம் என்று அவர் மலையாளத்தில் சொன்னதும்தான் நான் நிஜமாகப் பயந்தேன். தமிழ் பேசிக்கொண்டிருந்தவர் அந்த ஒரு சொல்லுக்கு ஏன் தன் தாய்மொழிக்குப் போனார் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

திரும்பப் படம் எடுத்தார்கள். இந்த முறை நான் நடுங்காமல் நின்றேன். இனி நடுங்கி என்ன ஆகப்போகிறது என்ற மரத்துப்போன உடம்பு அது. படம் தெளிவாக வந்தது, புள்ளிகளும் தெளிவாக வந்தன. ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அறிக்கை வரும்வரை வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. உன் அத்தா வண்டி ஓட்டப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நீ வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், படகுத்துறையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தாய். ஷீலா சேச்சி பார்த்துவிட்டுச் சொன்னாள். அறிக்கையைச் சொல்லும் நாளில் நம்மைச் சோதனைக்கூடத்துக்கே அழைத்து, நுண்ணோக்கியில் தெரிவதைத் திரையில் காட்டினார்கள். கத்தரிப்பூ நிறத்திலும் ரோஜா நிறத்திலும் வட்டம் வட்டமாக. அழகாக இருந்தது என்று சொன்னால் நம்புவாயா? அழகாக இருந்ததால்தான் இன்னும் பயமாக இருந்தது. நீ பழக்கதோஷத்தில் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ அந்தப் பொத்தான்பக்கம் கையைக் கொண்டுபோனாய். பாதி வழியில் நிறுத்தி, சுட்டுக்கொண்டவன்போல் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாய்.

புற்றுநோயின் ஆரம்பம்தான் என்றார்கள். பால்வரும் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கிறது, வெளியே பரவவில்லை, எடுத்துவிடலாம், எடுத்துவிட்டால் நன்றாக இருப்பீர்கள் என்றார்கள். இவ்வளவு சின்னதாக இருக்கும்போது அகப்படுவது அதிர்ஷ்டம் என்றும் சொன்னார்கள். அதிர்ஷ்டம் என்ற சொல் அந்த அறையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றது.

திரும்பி வரும்போது எறணாகுளத்திலிருந்து படகில் வந்தோம். உன் அத்தா முன்பக்கம் போய் நின்றுகொண்டார், நாம் பார்க்கும்படி அழ அவருக்கு வராது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"அம்மா, அந்த டாக்டர் கூப்பிடலன்னா... நான் உங்களைக் கொன்னிருப்பேன், இல்லையா?"

நான் "ஆமா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும், அப்படியெல்லாம் சொல்லாதே, நீ என்ன வேண்டுமென்றா செய்தாய் என்று தலையைத் தடவியிருப்பாள். என்னால் முடியவில்லை. எனக்குள் பயம் அவ்வளவு இறுகிக் கிடந்தது, அதில் ஒரு பொய்யை நுழைக்க இடம் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின் நீ என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினாய். அறுவை முடிந்து நான் கண் விழித்தபோது நீ பக்கத்தில்தான் இருந்தாய், மருந்து கொடுத்தாய், கஞ்சி ஊட்டினாய், கதிர்ச் சிகிச்சைக்கு ஒவ்வொரு முறையும் கூட்டிப்போனாய். எல்லாம் செய்தாய். ஆனால் என் கழுத்துக்கு மேலே உன் பார்வை ஏறவே இல்லை.

அந்தச் சொல்லை நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை, மகனே. அது உண்மை. உண்மையை இப்போது பூசி மெழுகினால் நான் செய்வதும் நீ அந்தப் படத்துக்குச் செய்ததும் ஒன்றாகிவிடும். ஆனால் அன்று படகில் சொல்ல முடியாமல் போன மீதியை இப்போது சொல்கிறேன். நீ அந்தப் புள்ளிகளைத் துடைத்தது அறியாமையால் மட்டும் இல்லை. உன் அம்மாவுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று உன் நெஞ்சு கெஞ்சிக்கொண்டிருந்தது. நீ கெஞ்சியதைத்தான் திரையில் பார்த்தாய். நானும் அதையேதான் பார்த்தேன். வேறு யாருடைய படமாக இருந்திருந்தாலும் நீ இன்னொரு முறை பார்த்திருப்பாய். எனக்குப் பயம் அந்த அன்பைப் பற்றித்தான். உலகத்தில் படத்தைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும், இதில் ஒன்றும் இருக்கக் கூடாது என்ற ஆசை கொஞ்சமாவது இருக்கும். சுத்தமான படத்தைக் காட்டினால் எல்லோரும் அதை நம்பத் தயாராக இருப்பார்கள். அந்த ஆசைக்கு உதவி செய்கிற கருவியைத்தான் நீ செய்கிறாய்.

நீ வேலையை விடப்போவதாக உன் அத்தாவிடம் சொன்னதை நான் படுக்கையில் இருந்து கேட்டேன். இடப்பள்ளியில் ஒரு கைபேசிக் கடையில் சேரப்போவதாகச் சொன்னாய். உன் அத்தா அதிகம் பேசாதவர். அன்று பேசினார்.

"நீ விட்டுட்டா அந்த வேலை நின்னுருமா?"

"நிக்காது."

"அப்போ அந்த நாற்காலியில யாரு உக்காருவா? இதெல்லாம் ஒண்ணும் தெரியாத, பயமே இல்லாத ஒருத்தன். உங்கம்மா மாதிரி எத்தனை பேரு படம் அவன் கையில போகும், யோசிச்சியா?"

நீ வேலையை விடவில்லை. அதற்குப்பின் சனிக்கிழமைகளில் காணாமல் போனாய். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ, சொன்னது வேறு ஏதாவது கெட்ட செய்தியாக இருக்குமோ என்ற பயம். மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாதான் சொன்னார். நீ அவருடைய இருட்டறையில் போய், ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் மங்கலான படங்களை எப்படிப் பார்க்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தாயாம். எங்கே கண்ணை நிறுத்துகிறார், எதைத் திரும்பப் பார்க்கிறார், எதற்குச் சந்தேகப்படுகிறார் என்றெல்லாம் கேட்டாயாம். பிறகு உன் கருவியை மாற்றி எழுதிக் கொண்டுவந்து காட்டினாயாம். இப்போது அது மூன்று படங்களைக் காட்டுமாம். எடுத்தபடியே இருக்கும் படம், சுத்தம் செய்த படம், சுத்தம் செய்யும்போது எதையெல்லாம் எடுத்துப் போட்டதோ அது மட்டும் தனியாக ஒரு படம்.

"உங்க மகன் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா?" என்றார். "டாக்டர், முதல்ல குப்பையைப் பாருங்க, அதுல ஏதாவது உருவம் தெரிஞ்சா என் படத்தை நம்பாதீங்கன்னு சொன்னார். தான் செஞ்சதை நம்பாதேன்னு சொல்ற எஞ்சினியரை நான் இப்பத்தான் பாக்கறேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசை. ஆனால் அன்று என் அறிக்கை இன்னும் வரவில்லை. அதனால் பயம்தான் முன்னால் நின்றது, பெருமை அதற்குப் பின்னால் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. அறிக்கை நல்லதாக வந்தது. இதுவரை வந்ததெல்லாம் நல்லதாகவே வந்திருக்கிறது. எனக்குத் தழும்பு இருக்கிறது, அந்தப்பக்கக் கை கொஞ்சம் கனக்கிறது, அதைத்தவிர நான் கடைக்குப் போகிறேன், ஏலக்காய் நிறுக்கிறேன், ஷீலா சேச்சியோடு சண்டை போடுகிறேன்.

இனி நீ ஜெர்மனியில் போய்ச் செய்யப்போகிற இதே வேலை பற்றி. உன் தொழிலை நான் பழிக்கவில்லை. என் முதல் படம் மங்கலாக வந்ததால்தானே அந்த நாட்களை நான் பீரோவுக்குப் பயந்து கழித்தேன். தெளிவான படம் வேண்டும். குறைந்த கதிரில் தெளிவான படம் கிடைத்தால் எத்தனை பேருக்கு நல்லது என்று சிகிச்சைக்குப் போய் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். ஆனால் அங்கே பெரிய மனிதர்கள் இன்னும் சுத்தமாக, இன்னும் சீக்கிரமாக என்று கேட்பார்கள். மூன்றாவது படம் எதற்கு, பார்க்கிறவருக்குக் குழப்பம், எடுத்துவிடலாமே என்பார்கள். அப்போது உனக்கு வேலை போய்விடுமோ என்று பயம் வரும். அந்தப் பயம் வரட்டும். ஆனால் அந்த இருட்டறையில் வந்த பயத்தை அதைவிடப் பெரியதாக வைத்துக்கொள். படத்தில் ஒரு புள்ளி தனியாக நின்றால், அதை எடுப்பதற்கு முன் அது ஒரு மனுஷியின் உடம்பில் இருந்து வந்தது என்று ஒரு நிமிடம் நில். உனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல். யாராவது, உன் சொந்தக்காரர்களோ கூட்டாளிகளோ, தங்கள் படத்தைக் கொண்டுவந்து உன்னிடம் நீட்டினால் வாங்காதே. டாக்டரிடம் அனுப்பு. அவர்கள் கோபித்துக்கொண்டாலும் அனுப்பு. உனக்குப் பிடித்தவர்களாக இருந்தால் இன்னும் சீக்கிரமாக அனுப்பு.

நெடும்பாசேரி விமான நிலையத்தில் உன் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வந்தோம். உன் அத்தா உன் தோளில் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். நீ உள்ளே போகக் காலை எடுத்து வைத்தவன், திரும்பி வந்தாய். படகுக்குப் பின் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாய். நேராகப் பார்த்தாய். "அம்மா, பயமா இருக்கா?" என்று கேட்டாய். நான் சிரித்துக்கொண்டு, "இல்லடா, போயிட்டு வா" என்றேன். நீ தலையசைத்துவிட்டுப் போய்விட்டாய். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் சொன்னது பொய் ரியாஸ். பயமாக இருக்கிறது. நீ அங்கே தனியாக இருப்பது பயமாக இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு நீ இல்லாமல் அந்தப் பலகைக்கு முன் நிற்கப்போவது பயமாக இருக்கிறது. ஆனால் நான் போவேன். யாரும் இழுத்துப்போக வேண்டாம், நானே போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். படத்தை உனக்கு அனுப்ப மாட்டேன், நீயும் கேட்கக் கூடாது. டாக்டரம்மா என்ன சொன்னாரோ அதை உடனே போன் செய்து அப்படியே சொல்வேன். என் குரல் நடுங்கும். நடுங்கட்டும், நீ எதுவும் சொல்லாமல் கடைசிவரை கேள்.

உன்
அம்மா